ஆயுத பூஜைக்கு அணைத்த இயந்திரம்

பொய் சொல்வதற்கென்றே செய்யப்பட்ட ஒரு இயந்திரத்தை வைத்து ஐந்து வருடம் பிழைத்தவன் நான். அடிப்படையில் அது ஒரு பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, தன்னோடு இணைத்த கருவியிடம் "நான்தான் உன் பேட்டரி" என்று சாதிக்கும். பேட்டரி எப்படித் தளருமோ அப்படியே தளர்ந்தும் காட்டும். கருவி நம்பிவிடும். நம்பிய கருவி எவ்வளவு கரன்ட் இழுக்கிறது என்பதை இது ரகசியமாக அளந்து பச்சை எழுத்தில் காட்டும். வேஷம் பொய்யானாலும் அது காட்டும் அளவு மட்டும் பொய்த்ததில்லை. ஒரே ஒருமுறை பொய்த்தது. அதற்குக் காரணம் நான்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள். மைசூரில் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் கார்ட்லெஸ் போன் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலை. அங்கே நான் டெஸ்டிங் இன்ஜினியர். டெஸ்டிங்குக்கு இருந்தது நான் ஒருவன்தான் என்பதால், தலைமை இன்ஜினியர் என்று நானே மனதுக்குள் வைத்துக்கொண்டேன். அப்பா ரயில்வே வேலைக்காக மைசூர் வந்தவர், நான் இங்கேயே பிறந்தவன். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கோபம் வந்தால் ஆங்கிலம் என்று மூன்றையும் அரைகுறையாக வைத்திருந்தேன். தொழிலும் ஏறக்குறைய அப்படித்தான்.

பேட்டரி வேஷம் போடும் அந்த இயந்திரம் வெளிநாட்டிலிருந்து பஞ்சுப் பொதிக்குள் வந்து இறங்கியபோது, பெட்டியைத் திறக்கவே மேனேஜர் தேங்காய் உடைத்தார். எங்களுக்கு அது எதற்குத் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் போன் பேசும்போது கரன்ட்டைக் குழாயைத் திறந்துவிட்டது போலத் தொடர்ந்து இழுக்காது. பூனை பால் குடிப்பது போல நொடிக்கு நூறு முறை விட்டு விட்டு இழுக்கும். அந்த ஒவ்வொரு இழுப்பின் உயரத்தையும் அளந்தால்தான் போன் சரியா தவறா என்று தெரியும். சாதாரண மீட்டர் இழுப்பையும் இடைவெளியையும் கூட்டிக் கலந்து ஒரு சராசரியைச் சொல்லும். இந்த இயந்திரமோ இழுப்பை மட்டும் தனியாகப் பிடித்து அளக்கும். ஆனால் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று நாம்தான் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சொல்ல வேண்டியவை மூன்று. கரன்ட் எந்த அளவைத் தாண்டினால் இழுப்பு தொடங்கியதாக வைத்துக்கொள்வது, தொடங்கியபின் எவ்வளவு நேரம் பொறுப்பது, பொறுத்தபின் எவ்வளவு நேரம் அளப்பது. இவற்றில் வில்லங்கமானது நடுவில் உள்ள பொறுமைதான். ஒவ்வொரு இழுப்பின் தொடக்கத்திலும் கரன்ட் ஒரு துள்ளு துள்ளிவிட்டுத்தான் நிலைக்கு வரும். தராசில் அரிசியைக் கொட்டியதும் முள் எகிறுமே, அப்போது பார்த்து எடை சொல்லும் கடைக்காரரை ஊர் சும்மா விடாது. முள் நிற்கும்வரை பொறுக்க வேண்டும். எங்கள் போனுக்குப் பொறுக்க வேண்டியது நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, நூறு மைக்ரோசெகண்ட். அந்தப் பொறுமையைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது.

முதல் இரண்டு நாள் இயந்திரம் 'நோ பல்ஸ்' என்பதைத் தவிர வேறு எதையும் காட்டவில்லை. போனை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், மேஜையைக்கூட மாற்றினேன். பிறகு, வெளிநாட்டுக்காரன் பழுதான சரக்கை நம் தலையில் கட்டிவிட்டான் என்று மேனேஜரிடம் அறிவித்தேன். பெங்களூரில் இருந்த விற்பனையாளருக்கு இரண்டு பக்கத்துக்கு ஒரு ஃபேக்ஸ், அதில் 'வருந்தத்தக்கது' என்ற பொருளில் மூன்று ஆங்கிலச் சொற்கள். ஒரு மணி நேரத்தில் பதில் ஃபேக்ஸ் வந்தது. ஒரே வரி: தொடக்க அளவை மிக உயரத்தில் வைத்திருக்கிறீர்கள், தயவுசெய்து குறைக்கவும். குறைத்தேன். பல்ஸ் வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தைப் பற்றி ஃபேக்ஸே அனுப்பியவன்.

அந்தப் பதில் ஃபேக்ஸை யார் கண்ணிலும் படாமல் கிழித்துப் போட்டேன். நான்காம் நாள் பொறுக்கும் நேரமும் அளக்கும் நேரமும் சரியாக அமைந்து, திரையில் 318 மில்லியாம்ப் என்று ஒரு எண் அசையாமல் நின்றபோது ஹாலே கூடிவிட்டது. மேனேஜர் என் தோளில் தட்டினார். அந்த முதல் போனில் ஒரு அட்டையைக் கட்டி 318 என்று என் கையால் எழுதி, அவர் அறையின் கண்ணாடி அலமாரியில் வைத்தார்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். அன்றிலிருந்து அந்த ஹாலுக்கு நான் சர்க்கரை.

சர்க்கரைக்கு ஒரு கவலை வந்தது, வேறு யாராவது இனிக்க ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது என்று. அதனால் மேனுவலை என் மேஜை டிராயரில் டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அமைப்புகளை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. யாராவது "எவ்வளவு டிலே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "அது அவ்வளவு சிம்பிள் இல்லை" என்று தலையை ஒரு மாதிரி ஆட்டுவேன். கரன்ட் போனாலும் அணையாதபடி யு.பி.எஸ்ஸில் மாட்டி, இயந்திரத்தின் நெற்றியில் மூன்று மொழியில் ஒரு சீட்டு ஒட்டினேன்: அணைக்காதீர்கள். சூடு ஒரே நிலையில் இருந்தால் அளவு துல்லியமாக இருக்கும் என்பது சொன்ன காரணம். அணைத்துவிட்டு மறுபடி போட்டால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது என்பது சொல்லாத காரணம்.

அணைத்தாலும் மறக்காமலிருக்க, அமைப்புகளை அதன் நினைவில் சேமித்து வைக்க ஒரு வழி உண்டு. மேனுவலில் அதற்கு ஒரு முழுப் பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் படிக்கவில்லை.

இனி அவளைப் பற்றி. ஹாலின் மறுகோடியில் லென்ஸ் விளக்கின் கீழ் உட்கார்ந்து, மெஷின் ஈயத்தால் பற்றவைத்த போர்டுகளில் விட்டுப்போன இடங்களைக் கையால் பற்றவைக்கிற வேலை அவளுக்கு. முக்கியமாக, ரேடியோ அலையை வெளியே அனுப்பும் பகுதி முழுக்க அவள் கைதான். வயது இருபத்திரண்டு இருக்கும். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூரிலிருந்து வந்தவள், அங்கே குடும்பத்துக்கு விவசாயம். ஹெப்பாளிலேயே இன்னும் இரண்டு பெண்களோடு ஒரு அறையில் தங்கியிருந்தாள். சேர்ந்த முதல் வாரமே சாப்பாட்டு வேளையில் என்னிடம் வந்தாள்.

"ஏனுங், நீங்க தமிழுங்களா? பேச்சப் பாத்தா தெரியலீங்."

"தமிழ்தான் கணம்மா. ஏன், சந்தேகமா?"

"கன்னடத்த நெனச்சுக்கிட்டுத் தமிழு பேசற மாதிரி இருக்குதுங்ணா."

மற்ற எல்லோருக்கும் நான் 'சார்'. அவளுக்கு மட்டும் அன்றிலிருந்து 'அண்ணா'. ஒரு தலைமை இன்ஜினியரை இப்படிக் கூப்பிடலாமா என்று வெளியே முறைத்தாலும், உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது. எனக்குத் தங்கை கிடையாது. சண்டையில்லாமல் கிடைத்த தங்கை என்று வீட்டில் அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அந்த வருடம் தசராவோடு அவளுடைய ஒன்றரை வருடப் பயிற்சிக் காலம் முடிந்தது. அந்த மாதக் கடைசியில் மேனேஜர் ஒரு லிஸ்ட் போடுவார். அதில் பெயர் இருந்தால் பர்மனென்ட், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். அவள் இதை நாளுக்கு நான்கு முறை சொன்னாள்.

"லிஸ்ட்டுல பேரு வரலீன்னா ஊருக்குப் போவோணும். ஒருக்கா போயிட்டா அப்பறம் திரும்பி உடமாட்டாங்ணா. மாப்பிளையே பாத்து வெச்சுருக்கறாங்க. எனக்கு இங்கதான் இருக்கோணும்."

"உன் பேர் இல்லாத லிஸ்ட்டா? நான் இருக்கேன், விடு" என்றேன். நான் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மைசூரில் ஆயுத பூஜை என்றால் அன்று எந்த ஆயுதமும் வேலை செய்யக்கூடாது. ஸ்க்ரூ டிரைவர் முதல் கம்பெனி பஸ் வரை எல்லாம் நிறுத்தப்பட்டு, துடைக்கப்பட்டு, பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வெடுக்கும். என் இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு கேட்கலாமா என்று யோசித்தேன். மேனேஜர் வாயைத் திறக்கவிடவில்லை. "எட்டு மாதமாக அதற்கு ஒரு நாள் லீவு கொடுத்திருக்கிறாயா?" என்று கன்னடத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. நானே அணைத்தேன். நானே என் கைக்குட்டையால் துடைத்தேன். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றினேன். ஹாலிலேயே பெரிய பொட்டு என் இயந்திரத்துக்குத்தான்.

கண்ணாடி அலமாரியில் இருந்த அந்த முதல் போனையும் எடுத்துவந்து சாமி படத்தின் முன் வைத்தார்கள். அதன் தலையிலும் சந்தனம், குங்குமம். அவள் தன் சால்டரிங் அயர்னின் கைப்பிடியில் பூக்கட்டி, கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரியும் வெல்லமும் கொடுத்தார்கள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

நான்கு நாள் விடுமுறை. அவள் ஹனூருக்குப் போய்த் திரும்பினாள். திங்கட்கிழமை காலை நான் இயந்திரத்தைப் போட்டேன். பேட்டரி வேஷத்துக்கான வோல்டேஜ் கொடுத்தேன், கரன்ட்டுக்கு உச்சவரம்பு கொடுத்தேன், ஃபேக்ஸ் புண்ணியத்தில் மறக்காத தொடக்க அளவும் கொடுத்தேன், பல்ஸ் அளக்கும் பட்டனை அழுத்தினேன். விரல்கள் தாமாகவே ஓடின. பார், மேனுவல் இல்லாமலே ஆகிவிட்டது என்று நினைத்தேன். பொறுக்கும் நேரம், அளக்கும் நேரம் என்று இரண்டு இருந்தது எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. எட்டு மாதத்துக்கு முன் ஒரே ஒருமுறை வைத்தது, மெனுவின் ஆழத்தில் எங்கோ இருந்தது.

அன்று வந்த முதல் போன் 409 காட்டியது. முந்நூற்றைம்பதைத் தாண்டினால் ஃபெயில். அடுத்தது 412. அதற்கடுத்தது 407. மத்தியானத்துக்குள் பதினொன்று, மறுநாள் சாயங்காலத்துக்குள் இருபத்துமூன்று. ஒன்றுகூடப் பாஸாகவில்லை. தினமும் காலையில் நல்லதென்று தெரிந்த ஒரு போனைப் போட்டு முதலில் இயந்திரத்தைச் சோதிக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. எனக்கும் தெரியும். ஆனால் இயந்திரத்தைச் சந்தேகப்படுவது என்னையே சந்தேகப்படுவது போல எனக்கு இருந்தது. அந்த வழக்கம் என்னிடம் இல்லை.

கரன்ட் அதிகமாக இழுக்கிறது என்றால் அலை அனுப்பும் பகுதியில் கோளாறு. அந்தப் பகுதியைப் பற்றவைத்தது யார்? நேராக அவள் மேஜைக்குப் போனேன். லென்ஸை இழுத்து வைத்துக்கொண்டு, ஈயம் எப்படிப் பாய வேண்டும், முனை எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று இருபது நிமிடம் பாடம் எடுத்தேன். நான் கடைசியாகப் பற்றவைத்தது கல்லூரியில், அதுவும் பக்கத்து மேஜைக்காரன் செய்துகொடுத்தது.

"நாலு நாள் லீவுல கை மறந்துபோச்சா?" என்று கேட்டேன். சுற்றி இருந்தவர்கள் காதில் விழும்படியே கேட்டேன்.

அவள் இருபத்துமூன்று போர்டுகளையும் கழற்றி, ஈயத்தை உறிஞ்சி எடுத்து, மறுபடி பற்றவைத்தாள். இரண்டு நாள் தேநீருக்குக்கூட எழுந்திருக்கவில்லை. திரும்ப வந்த போன்கள் 411, 410, 413 என்று காட்டின. வியாழக்கிழமை மேனேஜர் என் மேஜை அருகே நின்று, "என்னப்பா, பிரச்சினை எங்கே?" என்று கேட்டார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சால்டரிங்தான் சார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது என்ன என்று வெள்ளிக்கிழமை தெரிந்தது. சனிக்கிழமை டைப் செய்ய வேண்டிய லிஸ்ட்டில் அவள் பெயர் மேல் பென்சில் கோடு விழுந்துவிட்டது என்று ஆபீஸ் பெண் எங்கள் இருவரிடமும் சொல்லிவிட்டாள். அவள் அழுதுகொண்டு வருவாள், ஆறுதல் சொல்லலாம் என்று நான் தயாராக இருந்தேன். அவள் அழாமல் வந்தாள். கையில் சாமி படத்தின் முன் வைத்த அந்த முதல் போன். குங்குமம் இன்னும் அதன் நெற்றியில் இருந்தது, என் கையெழுத்தில் 318 என்ற அட்டையும்.

"இதப் போட்டுப் பாருங்ணா."

"இது எதுக்கு? இது பாஸான பீஸ்."

"அதனாலதான் கேக்கறனுங். இதயும் நாந்தான் பத்த வெச்சேன். தசரா ஹப்பத்துக்கு முந்தி நீங்களே பாஸ் பண்ணிக் கையெழுத்துப் போட்டது. இப்பப் போட்டுப் பாருங்."

"சும்னே மெஷினைக் குறை சொல்லாதே. அது ஃபாரின் மெஷின்."

"நான் எந்த மெஷினயும் சொல்லலீங்ணா. ஒருக்கா போட்டுப் பாருங்கன்னுதான் சொல்றேன்."

போட்டேன். திரையில் 411.

இந்த இடத்தில் ஒரு மனிதன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குங்குமம் உள்ளே போயிருக்கும். காண்டாக்ட்ல பட்டா கரன்ட் லீக் ஆகும்" என்றேன். அம்மன் குங்குமத்தின் மேலேயே பழியைப் போட்டவன் நான்.

அவள் ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துவந்தாள். போனைத் துடைத்தாள், பேட்டரி தொடும் தகடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பஞ்சு சிவப்பானது. ஊதிக் காயவைத்து என்னிடம் நீட்டினாள். மறுபடி போட்டேன். 410.

இருவரும் திரையையே பார்த்தோம். அவள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் இன்னொரு காரணம் கண்டுபிடித்திருப்பேன். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. மெனுவுக்குள் இறங்கினேன், ஒவ்வொரு படியாக. பொறுக்கும் நேரம் பூஜ்யம். அளக்கும் நேரம், தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த மிகச் சின்ன அளவு. அதாவது அந்த வாரம் முழுக்க என் இயந்திரம் முள் எகிறும் கணத்தில் எடை பார்த்துக்கொண்டிருந்தது. பூஜைக்கு அணைத்ததும் நான் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் மறந்துவிட்டிருந்தது.

"என்னங்ணா?" என்றாள்.

"ஒண்ணுமில்லே. செட்டிங் கொஞ்சம் நகர்ந்திருக்கு." ஏதோ அது தானாக நகர்ந்து போனது போல.

இன்னும் பெரிய கேவலம் பின்னால் இருந்தது. யாருக்கும் சொல்லக்கூடாது என்று நான் தலைக்குள் பூட்டி வைத்த அந்த எண் தலைக்குள் இல்லை. நூறா, நூற்றைம்பதா, அறுபதா? டிராயரைத் திறந்து, டிபன் டப்பாவை எடுத்துவிட்டு மேனுவலைப் பிரித்தேன். அமைப்புகளைச் சேமிப்பது எப்படி என்ற பக்கத்தில் தயிர் கொட்டிக் காய்ந்து, அடுத்த பக்கத்தோடு ஒட்டியிருந்தது. நகத்தால் பிரித்துப் படித்தேன். கொட்டை எழுத்தில் ஒரு எச்சரிக்கை: சேமிக்காத அமைப்புகள் அணைத்தவுடன் அழிந்துவிடும். பிறகு, கரன்ட்டைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பைத் தள்ளிக்கொண்டு வந்து, முதல் நாள் போலவே ஆரம்பித்து, துள்ளல் எங்கே அடங்குகிறது என்று மறுபடி தேடினேன். மூன்று மணி நேரம். அந்த முதல் போன் 318-க்குத் திரும்பியது. இருபத்துமூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாஸாகின. அதாவது, அவள் முதலில் பற்றவைத்ததும் சரி, நான் சொல்லிப் பிரித்து மறுபடி பற்றவைத்ததும் சரி.

அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எண்ணையும் உதட்டுக்குள் படித்தாள். கடைசி எண் வந்ததும், "மேனேஜர்கிட்டச் சொல்லீருவீங்கல்லங்ணா?" என்றாள்.

"இப்பவே போறேன்" என்றேன். அப்போதே போனேன் என்பது மட்டும் உண்மை.

மேனேஜர் அறைக்கு இருபது அடி. அந்த இருபது அடிக்குள் என் மூளை எட்டு மாதத்தில் செய்யாத வேலையைச் செய்தது. "சார், கண்டுபிடித்துவிட்டேன். லீவு முடிந்து மெஷினைப் போட்டபோது, யு.பி.எஸ்ஸையும் மீறிக் கரன்ட் ஒரு கணம் போய் வந்ததில் மெமரி அழிந்திருக்கிறது. போர்டுகள் எல்லாம் நல்ல போர்டுகள். அந்தப் பெண் மேல் தப்பே இல்லை" என்றேன். சொன்னதில் பாதி உண்மை. எந்தப் பாதியைச் சொல்ல வேண்டுமோ அதை விட்டுவிட்டேன். மேனேஜர் ரப்பரை எடுத்து பென்சில் கோட்டை அழித்தார். அழித்த தூளை ஊதினார். அவள் வேலை நின்றது. அதைப் பார்த்ததும் கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நிம்மதி மட்டும் வேஷமில்லை.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில், வாசலில் எல்லோரும் நிற்க, மேனேஜர் லிஸ்ட்டைப் படித்தார். அவள் பெயர் நான்காவது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கரன்ட் செய்த சதியைத் தனியொருவனாகக் கண்டுபிடித்து இருபத்துமூன்று போன்களைக் காப்பாற்றியவன் என்று என்னைக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நான் நின்றேன். அவளும் தட்டினாள். இரண்டு தட்டு. என்னைப் பார்த்துக்கொண்டே தட்டினாள்.

அன்று சாப்பாட்டு வேளையில் அவளருகே போய், "என்ன, சந்தோஷமா?" என்றேன்.

"சந்தோஷம் சார்" என்றாள்.

முதலில் எனக்கு உறைக்கவில்லை. மறுநாளும் சார். அடுத்த வாரமும் சார். "போர்டு ரெடிங் சார்", "ஊறுகா போட்டுக்குங் சார்." மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஊறுகாயையும் நிறுத்தவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், மரியாதைக்கு என்ன பதில் சொல்வது? ஹாலில் இருந்த முப்பது பேரோடு சேர்ந்து முப்பத்தோராவது ஆளாக அவளும் என்னைச் சார் என்றாள். அது எவ்வளவு வலித்தது என்று யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் முழுக்கதையையும் சொல்ல வேண்டும்.

அமைப்புகளைச் சேமித்தேன், ஐந்து முறை. மூன்றையும் ஒரு தாளில் எழுதி இயந்திரத்தின் பக்கத்திலேயே ஒட்டினேன். மேனுவலை எல்லோருக்கும் பொதுவான அலமாரியில் வைத்தேன். தினமும் காலையில் அந்த முதல் போனைப் போட்டுப் பார்த்தேன். இவ்வளவும் செய்தேன், மேனேஜர் அறைக்கு மறுபடி அந்த இருபது அடி மட்டும் நடக்கவில்லை. ஒரு வருடம் ஓடிவிட்டது.

அடுத்த ஆயுத பூஜை. மறுபடி தேங்காய், சாமந்தி, சந்தனக் கிண்ணம். நான் இயந்திரத்தை அணைக்கக் கையை நீட்டியபோது, குங்குமத் தட்டோடு அவள் எதிரே வந்து நின்றாள். எங்களுக்குள் எப்போதும் தமிழ்தான். அன்று அவள் ஹாலுக்கே கேட்கும்படி கன்னடத்தில் கேட்டாள்.

"சேவ் மாடித்ரா சார்?"

சேமித்தீர்களா என்று. மேனேஜர் சிரித்தார். "போன வருடம் மாதிரி கரன்ட் கை விட்டுவிடப் போகிறது, சேமித்துவிடப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தக் கேள்விக்கு 'ஆச்சு' என்று ஒரு வார்த்தை போதும். அன்றைக்கும் தப்பித்திருப்பேன்.

"போன வருடம் கரன்ட் எதுவும் போகவில்லை சார்" என்றேன், கன்னடத்தில்தான். "நான்தான் சேமிக்காமல் அணைத்தேன். சேமிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. மறுபடி போட்டபோது இரண்டு செட்டிங்கை வைக்க மறந்தேன். நல்ல போர்டுகளைக் கெட்டது என்றேன். சால்டரிங் என்று உங்களிடம் சொன்னேன். கண்டுபிடித்ததும் நான் இல்லை, இவள்தான். அந்த முதல் போனைக் கொண்டுவந்து போட்டுப் பார்க்கச் சொன்னாள்."

என் கன்னடம் அன்று எங்கேயும் தடுக்கவில்லை. மேனேஜர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அப்போ அன்றைக்கு நாம் யாருக்குக் கை தட்டினோம்?" என்றார்.

அவர் தலையை இரண்டு முறை ஆட்டிவிட்டு, பூசணிக்காயை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். கூட்டம் பின்னால் போனது. நான் இயந்திரத்தை அணைத்தேன். பச்சை எழுத்து அணைந்தது. அவள் குங்குமத்தைத் தொட்டு, இயந்திரத்துக்கு வைக்காமல், பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில், பொறுக்கும் நேரம் என்று எழுதிய வரிக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தாள். பிறகு வாசலுக்குப் போய், ஒரு காகிதத்தில் பொரியும் வெல்லமும் வாங்கிவந்து என் முன் நீட்டினாள்.

"எடுத்துக்குங்ணா" என்றாள்.

ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டேன். மென்று விழுங்குவதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது. என்ன ஆச்சு என்று கேட்டாள். பொரி ரொம்ப உலர்ந்திருக்கிறது என்று அன்றைக்கும் ஒரு காரணம் சொன்னேன்.